பயணப் பையில் ஒரு ஜோடி காதடைப்பான்

தேசிய சேவையை முடித்த கையோடு என் அக்கா மகன் நண்பர்கள் மூவருடன் பேங்காக் சென்றுவந்தான். நான்கு இரவுகள் தங்கியதில் மூன்று இரவுகள் காவ்சான் சாலையில் கழிந்தனவாம். வீடு திரும்பிய மறுநாள் காலை எனக்குத் தொலைபேசியில் அழைத்தான்.

“மாமா, காதுக்குள்ள யாரோ விசில் அடிச்சிக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கு. விமானத்துல வந்ததாலயா?”

விமானம் காரணமில்லை. கேட்கக் கேட்கக் கதை வெளியே வந்தது. மூன்று இரவும் ஒரே கடை. ஒலிபெருக்கிக்கு இரண்டடி தள்ளி மேசை. பக்கத்தில் இருப்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினால்தான் பேச்சு கேட்குமாம்.

“ராணுவத்துல துப்பாக்கி சுடும்போது காதுல என்ன போட்டிருந்தே?” என்று கேட்டேன்.

“இயர்பிளக். ஆனா அது ரேஞ்ச், மாமா. இது பாட்டுதானே?”

இந்தப் பதிலால்தான் இக்கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். துப்பாக்கிச் சுடுதிடலுக்குள் காதடைப்பான் இல்லாமல் யாரையும் விடமாட்டார்கள். அதைச் சரியாக அணியவும் கற்றுக்கொடுக்கிறார்கள். அதே பிள்ளைகள் விடுமுறைக்குப் போகும்போது பல்துலக்கியை மறந்தால் கடையில் வாங்குகிறார்கள். காதைப் பற்றி நினைப்பதே இல்லை. நான் கப்பல் பட்டறையில் வேலையிடப் பாதுகாப்புப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன். என் பையிலும் காதடைப்பான் இல்லாத காலம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பாட்டும் சத்தம்தான்

இது இயந்திர இரைச்சல், இது பிடித்த பாட்டு என்று காது பிரித்துப் பார்ப்பதில்லை. உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் பகுதியில், ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் உயிரணுக்கள் இருக்கின்றன. ஒலி அலைக்கு ஏற்ப அவை அசைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. உரத்த ஒலி நெடுநேரம் தாக்கும்போது அவை களைத்துச் சாய்கின்றன. அப்போதுதான் காது அடைத்ததுபோல் இருக்கும், ‘ஙொய்’ என்ற ஓசை கேட்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் காது தேறிவிடும். ஆனால் அடி பலமாகவோ அடிக்கடியோ விழுந்தால் சில உயிரணுக்கள் மடிந்துபோகும். மனிதக் காதில் அவை மீண்டும் முளைப்பதில்லை.

சத்தத்தை டெசிபலில் அளக்கிறோம். இந்தக் கணக்குதான் பலரை ஏமாற்றிவிடுகிறது. 85க்கும் 88க்கும் இடையே மூன்றுதானே வித்தியாசம் என்று தோன்றும். உண்மையில் ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. ஆகவே காது தாங்கக்கூடிய நேரம் பாதியாகிறது.

அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத்திற்கான தேசிய ஆய்வு நிலையம் 85 டெசிபலுக்கு ஒரு நாளில் எட்டு மணி நேரம் என்று வரம்பு வகுத்துள்ளது. சிங்கப்பூரின் வேலையிட இரைச்சல் விதிமுறைகளும் எட்டு மணி நேரத்துக்கு இதே 85 டெசிபலைத்தான் எல்லையாக வைத்துள்ளன. 88 டெசிபல் என்றால் நான்கு மணி நேரம், 91 என்றால் இரண்டு, 94 என்றால் ஒன்று. 100 டெசிபலுக்கு வந்தால் வெறும் 15 நிமிடம்.

இரவுக் கேளிக்கைக் கூடங்களில் 100 டெசிபல் அபூர்வமான அளவன்று. அங்கே நான்கு மணி நேரம் நின்றால் ஒரு நாள் அளவைப்போல் 16 மடங்கைக் காது வாங்கிக்கொள்கிறது. பட்டறையில் ஓர் ஊழியருக்கு இப்படி நடந்திருந்தால் நான் விசாரணை அறிக்கை எழுதியிருப்பேன்.

உலகச் சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் இசைக் கூடங்களுக்கென ஓர் அனைத்துலகத் தரநிலையை வெளியிட்டது. சராசரி ஒலி அளவு 100 டெசிபலைத் தாண்டக்கூடாது, வாடிக்கையாளர்களுக்குக் காதடைப்பான் கிடைக்க வேண்டும், காதுக்கு ஓய்வு தர அமைதியான ஓரிடம் வேண்டும் என்றெல்லாம் அது பரிந்துரைக்கிறது. அது பரிந்துரைதான், சட்டமன்று. நீங்கள் போகும் ஊரின் கடைக்காரர் அதைப் படித்திருப்பார் என்று நம்பிப் போக முடியாது.

கருவி இல்லாமலே ஓரளவு கணிக்க வழி உண்டு. கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால், அங்கே சத்தம் 85 டெசிபலை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். என் அக்கா மகன் காதில் வாய் வைத்துக் கத்தியிருக்கிறான். மேற்சொன்ன ஆய்வு நிலையமே ஐஃபோனுக்கு இலவச ஒலிமானிச் செயலி ஒன்றை வெளியிட்டுள்ளது. ஒருமுறை போட்டுப் பாருங்கள். கல்யாண மண்டபத்திலும் போட்டுப் பாருங்கள்.

சாவியோடு கிடைத்த உறை

ஆடப் போகிறவருக்கு மட்டும் வரும் தொல்லையன்று இது. தூங்கப் போகிறவருக்கும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் மனைவியும் பினாங்கு ஜார்ஜ்டவுனில் லவ் லேன் அருகே பழைய கடைவீடு ஒன்றில் தங்கினோம். சிறு தங்குவிடுதியாக அதை மாற்றியிருந்தார்கள். பதிவு முகப்பில் இருந்த பெண் அறைச் சாவியுடன் ஒரு சிறு காகித உறையையும் கொடுத்தார். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் இரண்டு நுரைப்பஞ்சுக் காதடைப்பான்கள். விருந்தோம்பலை மெச்சிக்கொண்டு மேலே போனோம். எதற்குக் கொடுத்தார் என்பது இரவு பத்து மணிக்குப் புரிந்தது. கீழே எதிர்ப்பக்கம் மதுக்கூடம், அதில் நேரடி இசை. எங்கள் அறையோ தெருவைப் பார்த்த முன்னறை.

கடைவீடுகள் நம் வட்டாரத்தின் வெயிலுக்குக் கட்டப்பட்டவை. காற்று வர மரப்பலகைச் சட்டங்கள் அடுக்கிய சன்னல், வீட்டு நடுவே வானம் பார்த்த முற்றம், பலகை பாவிய மாடித் தரை. காற்று நுழையும் வழியெல்லாம் ஒலியும் நுழையும். உறையில் ஒரு ஜோடிதான் இருந்தது. மனைவிக்குக் கொடுத்துவிட்டு, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு நான் விடிய விடிய விழித்திருந்தேன். பட்டறையில் நூறு பேருக்குக் காதடைப்பான் கொடுத்தவன் ஒன்றைக்கூடப் பையில் போடாமல் வந்திருந்தேன்.

பஞ்சைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுப் பெரியவர்கள் குளிருக்கும் சத்தத்துக்கும் காதில் பஞ்சு வைப்பார்கள். சத்தத்தைப் பொறுத்தவரை அதனால் பெரிய பலன் இல்லை. காற்று புகும் அளவுக்கு இடைவெளி இருந்தால் ஒலியும் புகுந்துவிடும். மெல்லிழைத்தாளைச் சுருட்டி வைப்பதும் அப்படித்தான்.

இன்னொன்றும் அன்றிரவு தெரிந்தது. பாடகியின் குரல் சன்னலை மூடியதும் மங்கியது. ‘தும் தும்’ என்ற பேஸ் ஒலி மட்டும் குறையவே இல்லை. கனத்த ஒலியின் அலை நீளமானது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ ஏழு மீட்டர் நீளம் இருக்கும். மெல்லிய சுவரும் பலகையும் அதைத் தடுப்பதில்லை. அவையே சேர்ந்து அதிர்கின்றன. கட்டில் வழியாக அது உடம்புக்கும் ஏறுகிறது. காதடைப்பானும் கீச்சொலியைக் குறைக்கும் அளவுக்குக் கனத்த ஒலியைக் குறைப்பதில்லை. ஆகவே முழு நிசப்தத்தை எதிர்பார்த்து வாங்காதீர்கள். காதடைப்பானுடன் மின்விசிறியையோ குளிர்சாதனத்தையோ ஓடவிட்டால் அந்தச் சீரான ஓசை மிச்சத்தை ஓரளவு மூழ்கடித்துவிடும்.

அதற்கு முன்பே, அறையைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை முடிந்துவிடும். தெருப்பக்கம் வேண்டாம், பின்பக்க அறை வேண்டும் என்று முன்பதிவிலேயே எழுதுங்கள். காவ்சானுக்குப் பக்கத்திலேயே உள்ள ராம்புத்ரி தெருவில் ஒப்புநோக்கச் சத்தம் குறைவு, நடந்தே போய்வரலாம். தாய்லாந்தில் முன்பு கேளிக்கைக் கூடங்கள் இரவு இரண்டு மணிக்கு மூட வேண்டும். 2023 டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து பேங்காக், புக்கெட், பட்டாயா போன்ற இடங்களில் உரிமம் பெற்றவை நான்கு மணிவரை திறந்திருக்கலாம். இரண்டு மணிக்குமேல் அடங்கிவிடும் என்று பழைய நினைப்பில் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

எதற்கு எது

தூங்குவதற்கு ஒன்று, இசை கேட்க வேறொன்று என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

தூங்குவதற்கு நுரைப்பஞ்சு வகையே போதும். மருந்தகங்களில் சில வெள்ளிக்குப் பல ஜோடிகள் கிடைக்கும். விரலில் அழுத்தினால் சுருங்கி, காதுக்குள் மெல்ல விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். ஒருக்களித்துப் படுப்பவர்கள் நீளம் குறைந்ததாகப் பார்த்து வாங்கலாம். இல்லாவிட்டால் தலையணை உள்ளே தள்ளும். காது துளை சிறிதாக உள்ளவர்களுக்கு மெல்லிய அளவும் உண்டு. சாதாரண அளவு வலிக்கிறது என்று தூக்கிப் போட்டவர்கள் அதை ஒருமுறை முயலலாம்.

மெழுகு, பிசையும் சிலிகோன் வகைகளும் இருக்கின்றன. மெழுகுக் காதடைப்பானுக்கு நூறு வயதைத் தாண்டிவிட்டது. மாக்ஸ் நெக்வர் என்ற ஜெர்மானிய மருந்தாளர் ஓரோபாக்ஸ் என்ற பெயரில் அதை விற்கத் தொடங்கினார். மாலுமிகளின் காதை மெழுகால் அடைத்த கிரேக்கப் புராணக் கதையிலிருந்து பிறந்த யோசனை அது. இந்த வகையைக் காது வாசலில் தட்டையாக மூடவேண்டும், உள்ளே திணிக்கக்கூடாது. திணித்துவிட்டு எடுக்க முடியாமல் மருத்துவரிடம் போவானேன்?

ஆடவும் பாடவும் போகிறவர்களுக்கு நுரைப்பஞ்சு பிடிக்காது. கீச்சொலிகளை அது அதிகம் விழுங்கிவிடுவதால் பாட்டு கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். பத்து நிமிடத்தில் கழற்றிவிடுவார்கள். அவர்களுக்கு நடுவில் சிறு வடிகட்டி வைத்த இசைக் காதடைப்பான் பொருந்தும். எல்லாச் சுருதியையும் ஏறத்தாழ ஒரே அளவில், பெரும்பாலும் 15 முதல் 20 டெசிபல்வரை, அது குறைக்கும். பாட்டு பாட்டாகவே கேட்கும். பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் விளங்கும். விலை சில பத்து வெள்ளி. கழுவிக் கழுவிப் பல மாதம் பயன்படுத்தலாம். ஓர் இரவு செலவை நினைத்தால் இது ஒரு விலையா என்று எனக்குத் தோன்றும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்

பெட்டியின்மேல் என்ஆர்ஆர் 33 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, 33 டெசிபல் குறையும் என்று நம்பிவிடாதீர்கள். அது ஆய்வுக்கூடத்தில் பொறுமையாக, முறையாகப் பொருத்தி அளந்த எண். அமெரிக்க வேலையிடப் பாதுகாப்பு அதிகாரிகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: அந்த எண்ணில் ஏழைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். 33 என்பது 13 ஆகிவிடும்.

13 டெசிபல் அற்பமன்று. 100 டெசிபல் கூடத்தில் காதுக்கு 87 டெசிபல்தான் போய்ச் சேரும். 15 நிமிடம் என்றிருந்த வரம்பு ஐந்து மணி நேரத்தை எட்டிவிடுகிறது. ஐரோப்பியத் தயாரிப்புகளில் எஸ்என்ஆர் என்ற வேறு குறியீடு இருக்கும். அது வேறு முறையில் அளக்கப்படுவதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது.

எண் ஏன் இவ்வளவு குறைகிறது? மாட்டும் விதம்தான். பட்டறையில் நான் பார்த்தவர்களில் பலருக்குக் காதடைப்பான் பாதி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். மேற்பார்வையாளர் கண்ணுக்கு அது ‘அணிந்திருக்கிறார்’. காதுக்கு அது வெறும் அலங்காரம்.

முதலில் கையைக் கழுவுங்கள். நுரைப்பஞ்சை விரல் நுனிகளால் உருட்டி, மடிப்பு விழாமல் ஊதுவத்தி போல மெல்லியதாக்குங்கள். வலக்காதுக்கு என்றால் வலக்கையில் அதைப் பிடித்துக்கொண்டு, இடக்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதுமடலின் மேற்பகுதியை மேல்நோக்கிச் சற்றுப் பின்னால் இழுங்கள். காதுக்குழாய் வளைந்தது, இழுத்தால்தான் நேராகும். உருட்டியதை உடனே நுழைத்து, விரல் நுனியால் அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருங்கள். பெரும்பாலோர் கோட்டை விடுவது இந்த அரை நிமிடத்தில்தான். விட்டால் அது விரிந்துகொண்டே வெளியே வந்துவிடும்.

சரியாகப் பொருந்தியிருந்தால் உங்கள் குரலே பானைக்குள் பேசுவதுபோல் கனமாகக் கேட்கும். இரண்டு உள்ளங்கைகளாலும் காதை மூடிப் பாருங்கள். அப்போதும் சத்தம் நன்றாகக் குறைகிறது என்றால் காதடைப்பான் சரியாக அடைக்கவில்லை. எடுத்துவிட்டு மறுபடி மாட்ட வேண்டும். கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாகத் திருகி எடுங்கள். இதையெல்லாம் கூடத்துக்கு வெளியே, சத்தம் தொடங்கும் முன்பே செய்துவிட வேண்டும். இரண்டு சுற்று குடித்தபிறகு யாருக்கும் பொறுமை இருக்காது, சத்தமும் உறைக்காது.

விமானமும் இரவுப் பேருந்தும்

விமானத்தின் உள்ளே பறக்கும் நேரத்தில் ஏறத்தாழ 80 முதல் 85 டெசிபல் இரைச்சல் இருக்கும். சென்னைக்கு நான்கு மணி நேரப் பயணத்தில் காது கெட்டுவிடாது. ஆனால் களைப்பு வரும். இங்கே இரைச்சல் நீக்கும் ஹெட்ஃபோன் நன்றாக வேலை செய்யும், ஏனெனில் இயந்திரத்தின் உறுமல் சீரானது, கனத்தது. குழந்தையின் அழுகை, பின்னிருக்கைக்காரரின் பேச்சு போன்ற திடீர் ஒலிகளுக்கு அது அவ்வளவாக உதவாது. அங்கே நுரைப்பஞ்சே கைகொடுக்கும். விமானம் இறங்கத் தொடங்கும்போது அதைக் கழற்றிவிடுங்கள். காற்றழுத்தம் மாறும்போது விழுங்கியும் கொட்டாவி விட்டும் காதைச் சமப்படுத்த வேண்டியிருக்கும்.

ஹாட்யாய்க்கும் பினாங்குக்கும் போகும் இரவுப் பேருந்துகளில் இயந்திரத்தைவிடக் குறட்டைதான் பெரிய தொல்லை. அதற்கும் நுரைப்பஞ்சுதான். கைபேசியின் அலாரத்தை அதிர்வில் வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சோதனைச்சாவடியில் எழுப்பிவிடச் சொல்லிப் பக்கத்து இருக்கைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம்.

விடுதியில் தனியாகத் தூங்குபவர்கள் இரண்டு காதையும் அடைத்தால் தீ அபாயமணியும் கதவு தட்டும் ஓசையும் மங்கலாகவே கேட்கும். கதவைத் தாழிட்டு, வெளியேறும் வழியை முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். சிலர் தலையணையில் ஒரு காதை அழுத்தி மற்றதை மட்டும் அடைத்துக்கொள்வார்கள். அது நல்ல யோசனைதான். தெருவில் நடக்கும்போது அறவே வேண்டாம். பேங்காக் மோட்டார்சைக்கிள்கள் நடைபாதையிலும் வரும்.

யார் தவிர்க்க வேண்டும்

காதில் சீழ், வலி, செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் காதுக்குள் வைக்கக்கூடாது. காதுக்குரும்பி அதிகம் உள்ளவர்களுக்கு அது உள்ளே தள்ளப்பட்டுக் காது அடைத்துக்கொள்ளலாம். நீரிழிவு உள்ளவர்கள், குறிப்பாக முதியவர்கள், கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்குக் காதுக்குழாயில் வரும் கிருமித்தொற்று மிகக் கடுமையாகிவிடும் அபாயம் உண்டு. நம் சமூகத்தில் நீரிழிவு இல்லாத வீடு குறைவு என்பதால் இதைச் சொல்கிறேன். நுரைப்பஞ்சை அடிக்கடி மாற்றுங்கள். அழுக்கானதைத் திரும்ப வைக்காதீர்கள். சிறு குழந்தைகள் அதை எடுத்து விழுங்கிவிடுவார்கள். அவர்களுக்குத் தலைக்குமேல் மாட்டும் காதுமூடிதான் ஏற்றது.

அந்தக் காதுமூடியைக் கல்யாண மண்டபங்களிலும் பார்க்க ஆசை. பேங்காக்கைக் குறை சொல்லிவிட்டு, ஆறு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நம் ஊர் விருந்தில் ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். உறுமி மேளக் குழுவில் வாரந்தோறும் வாசிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் காதில் ஏதாவது வைத்திருக்கிறார்கள்? இசைக் காதடைப்பான் முதலில் அவர்களுக்குத்தான் வேண்டும்.

அக்கா மகனை அன்றே மருத்துவரிடம் போகச் சொன்னேன். காதில் சூடாக எண்ணெய் விடலாமா என்று அக்கா கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். சத்தத்துக்குப் பிறகு காது மந்தமானாலோ, ஓசை ஒரு நாளைத் தாண்டி நீடித்தாலோ காத்திருக்கக்கூடாது. திடீரெனக் கேட்கும் திறன் குறைந்தால் சில சிகிச்சைகள் முதல் சில நாள்களில் தொடங்கினால்தான் பலன் தரும்.

காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் அனுப்பிச் செவித்திறன் சோதனை செய்தார்கள். வலக்காதுக் கோடு நேராக வந்து, 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளமாக இறங்கி, மறுபடி ஏறியிருந்தது. பட்டறையில் இருபது ஆண்டு சுத்தியல் அடித்தவர்களின் சோதனைத் தாளில் நான் பார்த்துப் பழகிய பள்ளம்தான். அது ஆழமானால் பேச்சில் ‘ஸ்’, ‘ச்’, ‘ஃப்’ போன்ற மெல்லொலிகள் முதலில் நழுவும். அவனுக்கு இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை. விசில் ஓசை பகலில் தெரிவதில்லை, விளக்கை அணைத்துப் படுத்தபிறகு வருகிறது என்கிறான். ஆறு மாதம் கழித்து மறுபடி சோதனை. அதற்குள் நண்பர்கள் புக்கெட் போகத் திட்டம் போடுகிறார்களாம். எந்தக் கடையில் எந்தக் காதடைப்பான் வாங்குவது என்று கேட்டு நேற்றுச் செய்தி அனுப்பியிருந்தான், நான்கு ஜோடிக்கு.